கட்டைவிரல் வைக்க ஓர் இடம்

மார்ச் 3

அக்கா,

உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

என் நம்பரை ப்ளாக் செய்தாய், சரி. மின்னஞ்சலையும் அடைத்தாய், அதுவும் சரி. என் மனைவி உன்னை என்ன செய்தாள்? கிளினிக் வாசலில் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டு தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறவள். அவளையுமா? நேற்று கிளினிக் லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டால், "மிருக ஆஸ்பத்திரியா? எங்க வீட்ல மிருகம் எதுவும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாய். மிருகம் இந்த முனையில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் கூப்பிட்டேன்.

வேறு வழியில்லாமல் பேனா எடுத்திருக்கிறேன். கால்நடை மருத்துவன் கையெழுத்து, கொஞ்சம் பொறுத்துப் படி.

அன்றைக்கு நான் உன்னைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டது என் கட்டைவிரல். கன்றுக்குட்டி சைஸில் ஒரு நாய் எடை பார்க்க வந்திருந்தது. வலது கையை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். இடது கையில் நீ கொடுத்த தொடுதிரை டேப். அதன் இடது ஓரத்தில் வரிசையாக முகங்கள் இருக்குமே, லேசாகப் பட்டாலே அழைப்பு போகும் என்று நீ பெருமையாகக் காட்டினாயே, அதில் முதல் முகம் உன்னுடையது. நீயேதான் வைத்துக் கொடுத்தாய். ஓரமே இல்லாத திரையில் ஒருத்தன் கட்டைவிரலை எங்கே வைப்பான்? உன் முகத்தில் வைத்தேன். அது உன்னைக் கூப்பிட்டுவிட்டது. அது தெரியாமல் நான் என் மனைவியிடம் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தேன். நாயை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தால் உன் படம், அதற்குக் கீழே 'அழைப்பு முடிந்தது'.

நீ எதுவரை கேட்டாய் என்று தெரியவில்லை. அதனால் மொத்தமாக மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நீ கார் ஓட்டினால் நடந்து போகிறவர்கள் வீட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள் என்று சொன்னதற்கு மன்னிப்பு. புது வீட்டுக்கு நீ வாங்கிக் கொடுத்த சோபாவில் மனிதன் உட்கார முடியாது, அதனால் அதைப் பூனைகள் காத்திருக்கும் இடத்தில் போட்டுவிட்டோம் என்று சொன்னதற்கும் மன்னிப்பு. உன் புது ஹேர்ஸ்டைல் பற்றிச் சொன்னது அவள், நான் இல்லை.

பதில் போடு.

தம்பி

பி.கு.: இந்தத் தாளில் நான்கு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறேன், பார்த்தாயா? எழுத்தின் மேல் விரல் படாமல் பிடித்துப் படிக்கலாம். காகிதம் கண்டுபிடித்தவனுக்கு அந்த அறிவு இருந்திருக்கிறது.


மார்ச் 9

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கார் பற்றித் தாங்கள் பேசியது என் காதில் விழவில்லை. சோபாவும் விழவில்லை. ஹேர்ஸ்டைலும் இல்லை. இவ்வளவையும் தாமாகவே முன்வந்து தெரிவித்தமைக்கு நன்றி. பூனை உட்கார்ந்த அந்த சோபாவின் விலை என்ன என்று உனக்குத் தெரியுமா? சரி, தங்களுக்கு மரியாதை கொடுத்து எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை வர மாட்டேன் என்கிறது. நீ என்றே எழுதுகிறேன்.

கட்டைவிரல் கூப்பிட்டதாம். யாருக்குக் காது குத்துகிறாய்? டேப் செய்கிற கம்பெனியில் வடிவமைப்புத் தலைவியாக இருப்பவளிடமே இந்தக் கதையா? அந்தத் திரைக்குப் பிடிக்கிற விரல் எது, தொடுகிற விரல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுக்கவே ஒரு கூட்டம் ராப்பகலாக உழைத்தது. எங்கள் சோதனைக்கூடத்தில் ஆயிரக்கணக்கான முறை தொட்டுத் தொட்டுப் பார்த்தாயிற்று. ஒரு தடவைகூடத் தப்பாக அழைப்பு போகவில்லை.

ஆகவே இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். என் கருவி தப்பு செய்திருக்க வேண்டும், அல்லது நீ வேண்டுமென்றே கூப்பிட்டு என் காதுபடப் பேசியிருக்க வேண்டும். கருவி சோதனையில் தேறிவிட்டது. நீ எந்தச் சோதனையில் தேறினாய்?

இன்னொன்று. அந்த டேப் கம்பெனியை விட்டு வெளியே போகவே கூடாத சோதனை மாதிரி. உன் பழைய டேப் நாய் குளிப்பாட்டும் தொட்டியில் விழுந்துவிட்டது என்று நீ மூக்கைச் சிந்தினாய் என்று, யாருக்கும் தெரியாமல் என் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். தெரிந்தால் என் வேலை போய்விடும். ஓரமில்லாத திரை என் யோசனை. இந்த மாதக் கடைசியில் நான் கையெழுத்துப் போட்டால்தான் தொழிற்சாலை ஓட ஆரம்பிக்கும். எங்கள் இயக்குநர், நீ 'வழவழ' என்று பெயர் வைத்தாயே அந்த மனிதர், தினமும் வந்து என் மேசையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார். இந்த நேரத்தில் உன் கட்டைவிரல் கதை எனக்குத் தேவைதானா? டேப்பைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

பார், நான் ஓரமே விடாமல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுதியிருக்கிறேன். ஒரே தாளில் எவ்வளவு அடங்கியிருக்கிறது! இடத்தை வீணாக்காமல் இருப்பதற்குப் பெயர்தான் அழகு.

அக்கா


மார்ச் 14

அக்கா,

உன் அழகான கடிதம் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டினேன். வலது பக்கம் எல்லா வரிகளுக்கும் வால் போய்விட்டது. குப்பைத்தொட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து வைத்து, அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் உட்கார்ந்து ஒட்டிப் படித்தோம். திட்டு வாங்குவதற்கு இவ்வளவு பாடுபட்ட ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது ஒரு பூனைக் கதை கேள். இசை ஆசிரியை ஒருவர் தன் பூனையை நகம் வெட்டக் கொண்டுவந்தார். 'ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க' என்று அனுப்பிவிட்டேன். பூனையைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் டேப்பில் அதன் பக்கத்தைத் திறந்தேன். எங்கள் மென்பொருளில் 'மறைந்தது' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் வீட்டுக்காரர்களுக்கு இரங்கல் செய்தி தானாகவே போய்விடும். அந்தப் பொத்தான் எங்கே இருந்தது தெரியுமா? ஓரத்தில். என் கட்டைவிரல் எங்கே இருந்தது தெரியுமா?

கொஞ்ச நேரத்தில் ஆசிரியை, அவர் கணவர், இரண்டு பெண்கள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். கூடைக்குள்ளிருந்து பூனை எல்லாரையும் முறைத்தது. ஆசிரியை அப்படியே உன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். (அதில் மனிதர்களும் உட்காரலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.) அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், செத்த பூனையைப் பிழைக்க வைத்த டாக்டர் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். போன வாரம் ஒருத்தர் நிஜமாகவே செத்துப்போன கிளியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். நான் என்ன சொல்வேன்?

பழைய டேப்பில் திரையைச் சுற்றிப் பட்டையாகக் கறுப்பு ஓரம் இருந்தது. உங்கள் ஆட்கள் பெசல் என்பார்கள். ஒன்றுக்கும் உதவாத இடம் என்று நீ பத்திரிகைப் பேட்டியில் சொன்னாய். ஒன்றுக்கும் உதவாத அந்த இடத்தில்தான் அக்கா என் கட்டைவிரல் எட்டு வருஷம் குடியிருந்தது. நாய் நக்கினாலும் அங்கேதான் நக்கும், திரை பாட்டுக்குத் திரை இருக்கும். கீழே விழுந்தால் அது அடி வாங்கிக்கொள்ளும், கண்ணாடி தப்பிக்கும். மருந்து சொட்டிய கையால் பிடித்தாலும் எழுத்து மறையாது. ஒரு பிளாஸ்திரி ஒட்டி அதில் காய்ச்சல் எவ்வளவு என்று கிறுக்கி வைப்பேன். கோப்பைக்குப் பிடி வைக்கிறார்கள், கதவுக்குக் கைப்பிடி வைக்கிறார்கள், யாரும் அதை அசிங்கம் என்று சொல்வதில்லை. கையிலேயே பிடித்துப் பார்க்க வேண்டிய சாமானுக்கு மட்டும் பிடிக்க இடம் வைத்தால் உங்களுக்குக் கௌரவம் போய்விடுகிறது.

கோபத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். உங்கள் சோதனைக்கூடத்தில் அதைக் கையில் பிடித்துப் பார்த்த ஆள் யார்?

அப்புறம், நான் பேசியதில் நீ எதைக் கேட்டாய் என்று தயவுசெய்து எழுது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். மொத்தமாகக் கேட்டதில் எனக்குத்தான் நஷ்டம்.

தம்பி


மார்ச் 20

தம்பி,

பூனைக் கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்ததை நினைத்து இன்னும் கோபம் வந்தது. அது உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில்: யாரும் இல்லை.

எங்களிடம் இருக்கிற மாதிரிகள் கொஞ்சம்தான். யாராவது கீழே போட்டுவிடுவார்களோ, எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து எல்லாவற்றையும் மேசையோடு திருகி வைத்திருக்கிறோம். தொட்டுப் பார்ப்பது ஒரு இயந்திரம். அதன் முனையில் ரப்பர் விரல் ஒன்று இருக்கிறது. நேராக வரும், தொடும், போகும். அதற்குக் கட்டைவிரல் கிடையாது. உன் கடிதம் வந்த மறுநாள் சோதனைக்கூடப் பொறுப்பாளரிடம், "இதைக் கழட்டிக் கொஞ்சம் கையில புடிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். பிறந்த குழந்தையைத் தூக்கிப்போட்டு விளையாடலாமா என்று கேட்டது மாதிரி என்னைப் பார்த்தார். நான் படம் வரைந்தேன், அவர் திருகினார், இயந்திரம் தொட்டது, வழவழ துணி வைத்துத் துடைத்தார். இத்தனை பேரில் ஒருத்தர்கூட அதைக் கையில் பிடித்து வேலை செய்து பார்க்கவில்லை. இந்த உலகத்தில் அப்படிப் பார்த்த ஒரே ஆள் நீ. அதுவும் நான் திருட்டுத்தனமாகக் கொடுத்ததால்.

இதை நான் எப்படிப் போய்ச் சொல்வது? சொன்னால் முதல் கேள்வியே 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றுதான் வரும். வாயைத் திறந்தால் வேலை போகும். மூடிக்கொண்டால் பத்து நாளில் தொழிற்சாலை ஓடும், கட்டைவிரல் இருக்கிற எல்லாரும் என்னைத் திட்டுவார்கள். அது மட்டும் இல்லை. நீ சொல்வதை நம்பினால் என் கருவி குற்றவாளி. கருவியை நம்பினால் நீ குற்றவாளி. இரண்டு வாரமாக நான் கருவியைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

நான் என்ன கேட்டேன் என்று கேட்டாய். நீ அவளிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க அக்காவுக்குப் புடிச்சுக்க ஒரு ஆள் கெடையாது. அதான் புடிக்கவே எடம் இல்லாத சாமானா செய்யறா."

அதோடு வைத்துவிட்டேன். எனக்கு விவாகரத்து ஆனபோது வீட்டில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். நீ மட்டும் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் வந்து என் பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினாய். மற்றவர்கள் சொன்னதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. நீ சொன்னது வலித்தது.

அக்கா


மார்ச் 23

அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரு நகைச்சுவை வந்து உட்கார்ந்துகொண்டது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்த வியாதி இருக்கிறது. அவள் இப்போது பக்கத்தில் நின்றுகொண்டு, "சிரிப்பு வந்தா பேனாவைப் புடுங்கிடுவேன்" என்கிறாள்.

சொன்னேன். அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தையும் நீ கூட்டிச் சொல்லவில்லை. அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். நான் இத்தனை நாளாகக் கட்டைவிரலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அது உன்னைக் கூப்பிட்டது, அவ்வளவுதான். பேசியது நான். என்னை மன்னித்துவிடு அக்கா.

நீ வைத்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவள் சிரிக்கவில்லை. சீட்டு எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "அப்ப நீங்க எதுக்கு இருக்கீங்க?" என்று கேட்டாள். எடை மேடையில் நின்றிருந்த நாயும் என்னைப் பார்த்தது. நீ அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது தெரியாமலே எனக்கு வெட்கமாக இருந்தது. தெரிந்த பிறகு சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி தூக்கிக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு ஊருக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு தடவையாவது "எப்படி இருக்கே?" என்று கேட்டேனா? ஒரு டேப் கெட்டால் உன்னிடம் அழுதேன், சோபா கொடுத்தால் வாங்கிக்கொண்டேன். அதில் பூனையை உட்கார வைத்தேன்.

டேப்பைக் கூரியரில் போட்டுவிட்டேன். பின்பக்கம் ஒரு கீறல் இருக்கிறது. அது முயல், நான் இல்லை.

உன் வேலை விஷயத்துக்கு வருகிறேன். நான் திருடினேன் என்று சொல்லிவிடு. உன் வீட்டுக்கு வந்தபோது உன் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்று சொல். எவன் கேட்டாலும் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறேன். உங்கள் கம்பெனியில் என் பேர் கெட்டால் எனக்கு என்ன? இங்கே மாடும் ஆடும் அதைக் கேட்டு வராமல் இருக்கப் போவதில்லை. பழியை என் மேல் போட்டுவிட்டு, அந்தத் திரைக்கு ஒரு ஓரத்தை வைத்துக் கொடு. நீ தப்பித்தால் போதும்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

கேள்.

கையெழுத்துப் போடும் நாள் வந்தது. நீளமான மேசை, நடுவில் திருகி வைத்த மாதிரி டேப், சுற்றிலும் நாங்கள். வழவழ எழுந்து நின்று, ஓரமில்லாத திரை மனித குலத்துக்கு என்னவெல்லாம் செய்யப் போகிறது என்று பேச ஆரம்பித்தார். என் பேனாவை என் முன்னால் வைத்திருந்தார்கள். நான் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

சோதனைக்கூடப் பொறுப்பாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நான் நான்கு திருகாணியையும் கழற்றி, டேப்பை எடுத்து வழவழயின் இடது கையில் கொடுத்தேன். வலது கையில் அவருடைய காபிக் கோப்பையைக் கொடுத்தேன். "சார், இப்படியே நின்னுக்கிட்டு மீதியைப் பேசுங்க" என்றேன். அதற்கென்ன என்று பேச ஆரம்பித்தார். பக்கம் தானாகப் புரண்டது. சத்தம் கூடியது, குறைந்தது. கேமரா திறந்து அவருடைய மூக்குத் துவாரத்தைக் காட்டியது. அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. "நம்ம முதலாளிக்கு இதுல என்ன தெரியும்? பளபளன்னு இருந்தா போதும், தலையாட்டிடுவார்" என்று சொல்லிக் கண்ணடித்தார்.

"எனக்கு என்ன தெரியாதுங்கறீங்க?" என்று டேப்பிலிருந்து ஒரு குரல் கேட்டது.

மாதிரியில் முக வரிசை காலியாக இருக்கக் கூடாது என்று எங்கள் ஆட்களின் நம்பர்களையே போட்டிருந்தோம். மரியாதைக்காக முதல் முகம் முதலாளி. வழவழயின் கட்டைவிரல் முதலாளி படத்தின் நெற்றியில் உட்கார்ந்திருந்தது. அந்த மனிதர் முகம் போன போக்கை என்னவென்று எழுதுவேன்! "சார், நான் கூப்பிடவே இல்ல சார், கட்டைவிரல் சார்!" என்று அலறினார். அதைக் கேட்டதும் எனக்கு உன் முதல் கடிதம் ஞாபகம் வந்தது. அந்த ஆள் நடிக்கவில்லை என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அவரை உடனே நம்பினேன். உன்னை நம்ப எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். டேப்பைத் தன் கையில் வாங்கிப் பிடித்துப் பார்த்தார். அது அவருடைய போனுக்கே அழைப்பு போட்டது. வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இப்படி ஆகும்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?" என்றார்.

நீ சொல்லிக் கொடுத்த பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தம்பி திருடிவிட்டான் என்று சொன்னால் என் பதவி தப்பும். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். ஆனால் சொல்ல வரவில்லை. "நான்தான் சார் என் தம்பிகிட்டக் குடுத்தேன். விதிப்படி தப்பு, தெரிஞ்சே செஞ்சேன். தானா போன் போகுதுன்னு அவன் சொன்னான். நான் நம்பல. அவன் என்கிட்ட எதையும் சொல்லுவான், பொய் சொல்ல மாட்டான்" என்றேன். ஒரு கம்பெனிக் கூட்டத்தில் போய் அழுதிருக்கிறேன், உன்னால்.

தீர்ப்பு வந்துவிட்டது. வடிவமைப்புத் தலைவி பதவி போயிற்று. வேலை போகவில்லை. விடுப்பு முடிந்து திரும்பி வந்ததும் எனக்கு ஒரே ஒரு பொறுப்பு, ஓரம். ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு நாலு பக்கமும் ஓரம், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். தண்டனை என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே வந்து படிக்கட்டில் நின்று சிரித்தேன். வழவழ இப்போது எதையும் கையில் பிடிப்பதில்லையாம், கோப்பையைக்கூட மேசையில் வைத்துக் குனிந்து குடிக்கிறாராம்.

விதியை மீறியதற்காக ஒரு மாதம் கட்டாய விடுப்பு. முதல் நாள் வீட்டைத் துடைத்தேன். இரண்டாவது நாள் துடைத்த வீட்டையே துடைத்தேன். மூன்றாவது நாளுக்கு வேலை இல்லை. நீ சொன்ன அந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருந்ததால்தான் அப்படி வலித்தது தம்பி. தம்பி எதற்கு இருக்கிறான் என்று அவள் உன்னைக் கேட்ட கேள்வியை அதற்கப்புறம் நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். தம்பி என்று ஒருவன் இருக்கும்போது நான் எதற்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்? எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் நம்பரை, அவள் நம்பரை, அந்த மிருக ஆஸ்பத்திரி லேண்ட்லைனை, எல்லாவற்றையும் திறந்துவிட்டேன்.

கூப்பிடு. இந்தத் தடவை வேண்டுமென்றே கூப்பிடு.

அக்கா